கைதட்டிய மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
1943 பிப்ரவரி 22 அன்று மாலை மியூனிக் பல்கலைக்கழகப் பேரரங்கில் கூடியிருந்த மாணவ மாணவியர்

வணக்கம்.

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. அதற்காக உங்களை ஏசித் தீர்க்கவும் இதை எழுதவில்லை. அன்றைக்கு உங்களில் ஆகச் சின்னவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது இருந்திருக்கும். இன்று உயிரோடு இருந்தால் நூறு தாண்டியிருக்கும். ஆகவே இந்த மடலைப் பிரிப்பது உங்கள் பிள்ளைகளாகவோ பேரப்பிள்ளைகளாகவோதான் இருக்கும். அவர்கள் படித்தாலும் சரிதான்.

ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து மியூனிக் மாணவர்கள் சிலரும் ஒரு பேராசிரியரும் இரகசியமாகத் துண்டறிக்கை பரப்பிய வெள்ளை ரோஜா இயக்கத்தைப் பற்றி எழுதாத மொழி இல்லை. பல்கலைக்கழக வாசலில் இருக்கும் சதுக்கத்துக்கு ஷோல் உடன்பிறப்புகளின் பெயர் வைத்தாயிற்று. சாலைக்கு அந்தப்பக்கச் சதுக்கத்துக்குப் பேராசிரியர் ஹூபரின் பெயர். வாசல் தரையில் அவர்களுடைய துண்டறிக்கைகளையும் முகங்களையும் காற்றில் பறந்து வந்து விழுந்தவை போலவே பதித்து வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி மாதம் வந்தால் மலர்வளையம், உரை, கட்டுரை எல்லாம் உண்டு. அவர்களுக்கு அது தகும். ஆனால் அந்தக் கதையில் கொல்லப்பட்ட அந்த ஆறு பேர் மட்டுமா இருந்தார்கள்? நீங்களும் இருந்தீர்கள். எண்ணிக்கையில் நீங்கள்தான் அதிகம். உங்களுக்கு யாரும் மடல் எழுதியதாகத் தெரியவில்லை. ஒருமுறை எழுதினார்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த மாலை. திங்கட்கிழமை. அன்று காலை பெர்லினிலிருந்து வந்திறங்கிய, அரசியல் வழக்குகளுக்கான நாஜி 'மக்கள் நீதிமன்ற'த்தின் தலைவர் ரோலாண்ட் ஃப்ரைஸ்லர், மியூனிக் நீதிமன்ற மாளிகையில் நாற்காலியில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மூன்று பேருக்கு மரண தண்டனை எழுதி முடித்துவிட்டார். ஹான்ஸ் ஷோல், வயது 24, மருத்துவ மாணவர். அவருடைய தங்கை சோஃபி, வயது 21, உயிரியலும் தத்துவமும் படித்தவர். கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்ட், வயது 23, மூன்று குழந்தைகளின் தகப்பன். மூன்றாவது குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு ஸ்டாடெல்ஹைம் சிறையில் கில்லட்டின் விழுந்தது. காலையில் விசாரணை, மாலையில் பிணம்.

அதே மாலைதான் நீங்கள் பேரரங்கில் கூடினீர்கள். ஆட்சிக்கு விசுவாசம் காட்ட மாணவர் தலைமை ஏற்பாடு செய்த கூட்டம். அண்ணன் தங்கை இருவரையும் பிடித்துக் கொடுத்த யாகோப் ஷ்மிட் உள்ளே வந்தார். பல்கலைக்கழகத்தில் அவர் அட்டெண்டர். வகுப்பறைகளைத் திறப்பது, பூட்டுவது, பார்த்துக்கொள்வது அவர் வேலை. நீங்கள் எழுந்து கத்தினீர்கள், கால்களால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தீர்கள். அவர் நின்றபடி கையை நீட்டி அதை ஏற்றுக்கொண்டார். அங்கே இருந்த ஒரு மாணவி, தன் மாணவ வாழ்க்கையின் மிக அருவருப்பான நினைவுகளில் ஒன்று அது என்று பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார். அப்படியானால் எல்லோரும் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்கு அல்ல.

உங்களைக் கோழைகள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது உண்மை இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. நாற்பதே நாளுக்கு முன்னால், சனவரி 13 அன்று, நீங்கள் செய்தது என்ன?

பல்கலைக்கழகத்தின் 470-ஆவது ஆண்டு விழா. ஜெர்மன் அருங்காட்சியகத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. மாணவிகளுக்கு மேல் மாடத்தில் இடம். மியூனிக் வட்டார நாஜிக் கட்சித் தலைவர் பவுல் கீஸ்லர் பேச எழுந்தார். பெண்கள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு காலத்தைக் கழிப்பதற்குப் பதில் தலைவர் ஹிட்லருக்கு ஒரு பிள்ளை பெற்றுக் கொடுக்கலாமே என்றார். ஆள் தேடிக்கொள்ளும் அளவுக்கு அழகில்லாத பெண்களுக்கு என் உதவியாளர்களில் ஒருவரை அனுப்பி வைக்கிறேன், அது இன்பமாகத்தான் இருக்கும் என்று இளித்தார். மேடையில் கட்சிக்காரர்கள், சீருடைக்காரர்கள், பேராசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாடத்திலிருந்து மாணவிகள் எழுந்தார்கள். காலைத் தரையில் உரசிச் சத்தம் போட்டு வெளியேறினார்கள். வாசலில் அவர்களைப் பிடித்து அடைத்து வைத்தபோது கீழே இருந்த மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களில் பலர் இராணுவச் சீருடையில் இருந்த படிப்பு விடுப்பு வீரர்கள். கட்சி ஆட்களோடு கைகலப்பு. பிடித்தவர்களை விடு என்று முழக்கம். பிறகு கைகோத்துக்கொண்டு ஊருக்குள் ஊர்வலம். எந்த ஊர்? நாஜிகள் 'இயக்கத்தின் தலைநகரம்' என்று பட்டம் கட்டி வைத்திருந்த மியூனிக். ஆண்டு 1943. ஒரு வார்த்தை பிசகினால் தலை போகும் காலம். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கட்சித் தலைவரின் முகத்துக்கு எதிரே எழுந்து போனவர்களைக் கோழை என்று எப்படிச் சொல்வது? தைரியம் உங்களிடம் இருந்தது. எங்கே செலவழிப்பது என்பதில்தான் சிக்கல்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அன்று உங்களுக்குத் தலை வலித்தது. அவமானம் உங்களுடையது, உங்கள் வகுப்புத் தோழிகளுடையது. எழுந்தீர்கள். உங்கள் பாடப்புத்தகங்களை எழுதிய யூதப் பேராசிரியர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே துரத்தப்பட்டார்கள். 1941 நவம்பரில் மியூனிக் யூதர்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். அப்போதெல்லாம் எந்த மண்டபத்திலும் காலை உரசும் சத்தம் எழவில்லை.

வெள்ளை ரோஜாக்காரர்கள் அந்த ஆண்டு விழாவுக்குப் போகவில்லை. ஆனால் நடந்ததைக் கேள்விப்பட்டு அவர்கள் அடைந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை நாளாக இருட்டில் கல் எறிந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். 1942 ஜூன் கடைசியிலிருந்து ஜூலை பாதிக்குள் ஹான்ஸ் ஷோலும் அவருடைய நண்பர் அலெக்சாண்டர் ஷ்மோரெலும் நான்கு துண்டறிக்கைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் நூறு பிரதி போல எடுத்து, தெரிந்தவர் தெரியாதவர் முகவரிகளுக்குத் தபாலில் போட்டார்கள். ஷில்லர், கெதே மேற்கோள்கள், விவிலியம், தத்துவம் என்று படித்தவர்களை நோக்கிய எழுத்து. பலர் வாங்கியதும் நேரே நாஜி இரகசியப் போலீசான கெஸ்டாபோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரண்டாவது அறிக்கையில், போலந்து பிடிக்கப்பட்ட பிறகு மூன்று லட்சம் யூதர்கள் மிகக் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள் என்று வெளிப்படையாக எழுதியிருந்தது. 1942 கோடையில், ஜெர்மனிக்குள், ஜெர்மன் மொழியில். 'எங்களுக்கு எதுவுமே தெரியாது' என்று போருக்குப் பிறகு ஒரு தலைமுறையே சொன்னதே, அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டாவது அறிக்கைதான் ஞாபகம் வரும்.

அந்த ஜூலை கடைசியில் ஹான்ஸ், ஷ்மோரெல், வில்லி கிராஃப் மூவரையும் மருத்துவ உதவியாளர்களாக ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். வழியில் வார்சா. யூதர்களை அடைத்து வைத்திருந்த சேரியை அங்கே கண்ணால் பார்த்தார்கள். ஷ்மோரெல் பிறந்ததே ரஷ்யாவின் ஓரன்பர்கில்தான். தாய் ரஷ்யப் பெண்மணி. ஜெர்மனியில் அவரை வளர்த்த தாதியும் ரஷ்யப் பெண்மணி. அவருக்கு ரஷ்யர்கள் 'கீழான மனிதர்கள்' என்று யாரும் பாடம் எடுக்க முடியாது. நவம்பரில் திரும்பி வந்தபோது மூவரும் பழைய ஆட்களாக இல்லை. மேற்கோள்கள் குறைந்தன, வேகம் கூடியது.

1943 சனவரியில் ஐந்தாவது அறிக்கை. இம்முறை நூறு அல்ல, ஆயிரக்கணக்கில். இதில் இருந்த வேலையை நீங்கள் யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. ஸ்டென்சில் தட்டி, கையால் சுற்றும் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் இரவெல்லாம் ஓட்ட வேண்டும். எங்கள் ஊரில் இந்த இயந்திரத்தில் கைப்பிரதி இதழ் அடித்த தலைமுறைக்குத் தெரியும், ஆயிரம் தாள் ஓட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும், விரலிடுக்கில் ஏறிய மை இரண்டு நாளைக்குப் போகாது. போர்க்காலத்தில் தாள் மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் புருவம் உயரும். உறைக்கும் அதே கதி, தபால்தலைக்கும் அதே கதி. எனவே கடை கடையாகப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். அறிக்கை மியூனிக்கிலிருந்து கிளம்புகிறது என்று தெரியக்கூடாது என்பதற்காகப் பெட்டியில் அடைத்து, ரயிலேறி, சால்ஸ்பர்க், லின்ஸ், வியன்னா, ஆக்ஸ்பர்க், ஸ்டுட்கார்ட் போன்ற ஊர்களில் இறங்கி அங்கங்கே தபாலில் போட்டார்கள். ரயிலில் சோதனை உண்டு. சூட்கேசை ஒரு ரயில் பெட்டியில் மேலே வைத்துவிட்டு, ஆள் வேறு ரயில் பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்வது வழக்கம். ஊல்ம் நகரில் பள்ளி மாணவர்கள் தேவாலயத்து ஆர்கன் கருவிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து உறையில் முகவரி எழுதினார்கள்.

இந்தப் பாடுகளுக்கு நடுவில்தான் உங்கள் சனவரி 13 செய்தி வந்தது. மூன்று வாரத்தில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை தோற்றுச் சரணடைந்தது. ஊரே துக்கம் காத்தது. பிப்ரவரி 3 இரவு ஹான்ஸும் ஷ்மோரெலும் தார் வாளியும் தூரிகையுமாகக் கிளம்பிப் பல்கலைக்கழகச் சுவர் உட்பட லுட்விக் சாலை நெடுகக் 'ஹிட்லர் ஒழிக', 'விடுதலை' என்று எழுதினார்கள். காலையில் வகுப்புக்கு வந்த நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள். அழுத்தித் தேய்த்தும் போகாமல் சுத்தம் செய்யும் பெண்கள் அல்லாடிக்கொண்டிருந்ததையும் பார்த்திருப்பீர்கள். 8-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் மறுபடி எழுதினார்கள்.

பிறகுதான் உங்களுக்கு அந்த மடல் வந்தது.

ஆறாவது அறிக்கை 'சக மாணவிகளே, சக மாணவர்களே' என்று உங்களைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. எழுதியவர் பேராசிரியர் குர்ட் ஹூபர். தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் பற்றிய அவருடைய வகுப்புகளுக்கு இடம் பிடிக்க நீங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள். அவர் பழமைவாதி, தேசியவாதி. மூலப் பிரதியில் இராணுவத்தைப் புகழ்ந்து ஒரு வரி வைத்திருந்தார். ஹான்ஸும் ஷ்மோரெலும் அதை அடித்துவிட்டார்கள், ஆசிரியர் கோபித்துக்கொண்டு போனார். பல்கலைக்கழக மாணவர் பட்டியலிலிருந்தே முகவரிகளை எடுத்து நூற்றுக்கணக்கில் தபாலில் போட்டார்கள். உறை தீர்ந்துபோனதும் தாளையே மடித்து முகவரி எழுதினார்கள். ஆக, உங்களில் சிலர் கையில் வீட்டு வாசலிலேயே அது கிடைத்திருக்கிறது.

அதில் என்ன இருந்தது? ஸ்டாலின்கிராடில் 330,000 பேரை அர்த்தமில்லாமல் சாவுக்குத் துரத்திய 'உலகப்போர்ச் சிப்பாயின் மேதைமை' பற்றிய, அதாவது ஹிட்லரைப் பற்றிய, கிண்டல் இருந்தது. நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரிகளின் வகுப்பறைகளை விட்டு வெளியேறுங்கள் என்ற அறைகூவல் இருந்தது. அதோடு, சனவரி 13 இருந்தது. மாணவிகள் தங்கள் மானத்தைச் சேறாக்கியவருக்குத் தகுந்த பதில் கொடுத்தார்கள், மாணவர்கள் தோழிகளுக்காக நின்றார்கள், நம் சுதந்திரத்தைப் போராடிப் பெறுவதற்கு இது ஒரு தொடக்கம் என்று எழுதியிருந்தார்கள்.

தொடக்கம் என்று உங்களை நம்பினார்கள். உங்கள் கோபத்தை அவர்கள் உள்ளதைவிடப் பெரிதாகப் படித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கீஸ்லரின் வாய்க்கொழுப்பின்மேல் வந்த கோபத்தை ஆட்சியின்மேல் வந்த கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் கவனித்தேன். உங்களுக்கு எழுதிய இந்த ஆறாவது அறிக்கையில் 'யூதர்' என்ற சொல்லே இல்லை. ஐரோப்பா முழுக்க நடக்கும் இரத்தக்களரி என்று பொதுவாகச் சொல்கிறது. இரண்டாவது அறிக்கையில் அவ்வளவு பட்டவர்த்தனமாக எழுதியவர்கள்தான். உங்களை எழுப்புவதற்கு எது வலிக்கும் என்று பார்த்து, உங்கள் செத்த அண்ணன்மாரையும் உங்கள் மானத்தையும் முன்னால் வைத்திருக்கிறார்கள். அதுவும் பலிக்கவில்லை.

பிப்ரவரி 18, வியாழக்கிழமை. மிச்சமிருந்த பிரதிகள் ஆயிரத்துக்கு மேல். ஒரு சூட்கேசிலும் ஒரு கைப்பையிலுமாக எடுத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் காலை பதினொரு மணிக்குள் உள்ளே வந்தார்கள். வகுப்புகள் முடியாத நேரம். காலியான தாழ்வாரங்களில் ஒவ்வொரு வகுப்பறை வாசலிலும் கட்டுக்கட்டாக வைத்தார்கள். ஹூபரின் வகுப்பிலிருந்து சீக்கிரமாக வெளியே வந்த வில்லி கிராஃபும் தோழி ட்ராவுட்டே லாஃப்ரென்ஸும் அவர்களை எதிரில் பார்த்திருக்கிறார்கள். வேலை முடிந்து கிளம்பியவர்கள் சூட்கேசில் இன்னும் தாள் மிச்சம் இருப்பதைப் பார்த்துத் திரும்பி மேலே ஏறினார்கள். நடுக்கூடத்தின் மேல் மாடியிலிருந்து, கைப்பிடிச் சுவரில் இருந்த துண்டறிக்கைக் கட்டைச் சோஃபி தள்ளிவிட்டார். மணி அடித்து, கதவுகள் திறந்து, நீங்கள் வெளியே வரும் நேரத்துக்குச் சற்று முன்பாகத் தாள்கள் கீழே இறங்கின. ஷ்மிட் பார்த்துவிட்டார், ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டார்.

கட்டடத்தின் கதவுகளை மூடினார்கள். நீங்கள் உள்ளே. எடுத்த அறிக்கைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தீர்கள். அதைத் தப்பு சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். கெஸ்டாபோ ஆட்கள் சேர்த்த தாள்களை அடுக்கிக் காலி சூட்கேசுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அளவு சரியாகப் பொருந்தியது. வழக்கே அத்தோடு முடிந்தது மாதிரிதான். பிறகு கைவிலங்கு போட்டு இருவரையும் உங்கள் நடுவே நடத்திக்கொண்டு போனார்கள். அதே நாள் மாலை பெர்லினில் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் 'முழுப் போர் வேண்டுமா?' என்று கேட்க, அரங்கம் 'வேண்டும்' என்று அலறியது.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு, இந்தியாவிலிருந்து எழுதுகிறவன் சொல்லாமல் விட முடியாதது. ஷ்மிட் பிடித்தவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியது ரெக்டர் வால்டர் வூஸ்டின் அறையில். எங்கள் கணக்கில் துணைவேந்தர். அவர் யார் தெரியுமா? வடமொழி அறிஞர். ரிக் வேதத்தில் ஆய்வு செய்தவர். எஸ்.எஸ். அதிகாரி. எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரின் 'முன்னோர் மரபு' ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். வேதத்தைப் படித்து, அதிலிருந்து ஆரிய இனப் பெருமைக்குத் தேவையானதை உரித்தெடுத்து, அந்தப் படிப்பின் பலத்தில் நாற்காலி பிடித்தவர். மாணவர்களைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு கெஸ்டாபோவுக்குத் தகவல் போகச் செய்தவர். பழைய நூலைக் கரைத்துக் குடித்தவன் எல்லாம் நல்லவனாகத்தான் இருப்பான் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கமும் உண்டு. அவர்களுக்கு நான் வூஸ்டின் கதையைச் சொல்வது வழக்கம்.

சரி, உங்களிடம் வருகிறேன்.

மௌனம் எனக்குப் புரிகிறது. பயந்தவன் வாயைத் திறக்காமல் இருப்பான். தாளைத் திருப்பிக் கொடுத்ததும் புரிகிறது. கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள், வந்தீர்கள், அதுகூடச் சரி. வராதவர் பெயரைக் குறித்துக்கொள்வார்கள் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் பயத்துக்கு மரியாதைக்குத் தட்டும் நாலு தட்டே போதுமே. கால் தரையை உதைக்கும் ஆரவாரம் எதற்கு? அதை யாரும் கேட்கவில்லை. அது உங்கள் சொந்தச் சரக்கு.

வயதைச் சொல்வீர்கள். நியாயம்தான். 1933-இல் ஹிட்லர் வந்தபோது உங்களில் பலருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம், முகாம், பாட்டு, கொடி எல்லாமே அவர்கள் கையில். வேறு உலகத்தை உங்களுக்கு யாரும் காட்டவில்லை. ஆனால் ஹான்ஸ் ஷோல் மட்டும் வேறு உலகத்திலா வளர்ந்தார்? ஊல்மில் ஹிட்லர் இளைஞர் அணியில் சிறுவர்களுக்குத் தலைவராக இருந்தவர். 1935 நியூரம்பெர்க் நாஜிக் கட்சி மாநாட்டில் கொடி பிடித்துக்கொண்டு நடந்தவர். தகப்பனார் ராபர்ட் ஷோல் முதல் நாளிலிருந்தே ஹிட்லரை வெறுத்தவர். வீட்டில் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் இதனால் சண்டை. சோஃபியும் பெண்கள் அணியில் உற்சாகமாக இருந்தவர்தான். அவர்கள் பிறக்கும்போதே போராளிகளாகப் பிறக்கவில்லை. பார்த்தார்கள், யோசித்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாக விலகினார்கள். அதே கொடியைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நடந்திருப்பீர்கள்.

போர்முனையில் அண்ணன் தம்பிகள் சாகிறார்கள், இங்கே இவர்கள் முதுகில் குத்துகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டது. நம்பியிருப்பீர்கள். ஹான்ஸ், ஷ்மோரெல், கிராஃப் மூவரும் அந்த முனையில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டுவிட்டு வந்தவர்கள் என்று அன்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். மக்கள் நீதிமன்றத்தில் நிறுத்துவதற்காக அவர்களை இராணுவத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

என் சந்தேகம் வேறு. நீங்கள் ஷ்மிட்டுக்காகக் கத்தவில்லை. சனவரி 13-ஐ அழிப்பதற்காகக் கத்தினீர்கள். அன்று எழுந்து போனவர்கள் நாங்கள் இல்லை, நாங்கள் நல்ல பிள்ளைகள் என்று காட்ட உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் தேவைப்பட்டது. ஆறாவது அறிக்கை உங்களைப் புகழ்ந்து எழுதியதுதான் உங்களுக்கு ஆபத்தாகப் போயிற்று. மரண தண்டனைக்குப் போனவர்கள் உங்களைத் தங்கள் ஆள் என்று எழுதிவிட்டார்கள். அதைத் துடைக்க வேண்டும். எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோமோ அவ்வளவு சுத்தம். இது என் ஊகம். தப்பாக இருந்தால் உங்கள் வீட்டார் திருத்தட்டும்.

ஷ்மிட்டுக்கு 3,000 மார்க் பரிசும் பதவி உயர்வும் கிடைத்தன. போர் முடிந்ததும் ஐந்தாண்டு உழைப்பு முகாம் தண்டனை. தன் கடமையைத்தான் செய்ததாகக் கடைசிவரை சொன்னார். அவர் சிறைக்குப் போனார், நீங்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனீர்கள். ஏப்ரல் 19 அன்று ஹூபர், ஷ்மோரெல், கிராஃப் மூவருக்கும் மரண தண்டனை. ஹூபரின் முனைவர் பட்டத்தைப் பல்கலைக்கழகம் பறித்தது. லைப்னிட்ஸ் பற்றிய நூலைச் சிறையில் எழுதிக்கொண்டிருந்தார். ஜூலை 13 அன்று அவரும் ஷ்மோரெலும், அக்டோபர் 12 அன்று கிராஃபும் கொல்லப்பட்டார்கள். இந்த மூன்று முறையும் அரங்கில் கூட்டம் போட்டதாக நான் படித்ததில்லை.

உங்கள் நடுவிலேயே வேறு மாதிரி ஒருவர் இருந்தார் என்பதால்தான் உங்களை அவ்வளவு எளிதில் விட முடியவில்லை. ஹான்ஸ் லைபெல்ட், வேதியியல் மாணவர். தாய் யூத வம்சத்தவர் என்பதால் 'பாதி யூதர்' என்று முத்திரை குத்தி, போரில் பதக்கம் வாங்கியிருந்தும் இராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்ட் தன் வேதியியல் கூடத்தில் இடம் கொடுத்து வைத்திருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படியும் ஒரு பேராசிரியர். லைபெல்ட் கைக்கும் அந்த ஆறாவது அறிக்கை கிடைத்தது. மூன்று பேரின் தலை போன பிறகு, அவரும் தோழி மரீ-லூயிஸே யானும் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தார்கள். மேலே ஒரு வரி சேர்த்தார்கள்: 'ஆனாலும் அவர்களுடைய ஆன்மா வாழ்கிறது.' ஹாம்பர்க் வரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சம்பளம் நின்றுபோன ஹூபரின் மனைவிக்காகப் பணம் வசூலித்தார்கள். யாரோ காட்டிக்கொடுக்க, 1943 அக்டோபரில் இருவரும் கைதானார்கள். யானுக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை. லைபெல்டை 1945 சனவரி 29 அன்று அதே ஸ்டாடெல்ஹைமில் கொன்றார்கள். அமெரிக்கப் படை மியூனிக்குக்குள் நுழைய மூன்று மாதம்தான் இருந்தது.

அதே அறிக்கையின் பிரதி ஒன்று ஸ்காண்டிநேவியா வழியாக லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டே பிரிட்டிஷ் விமானங்கள் அதை அச்சடித்து லட்சக்கணக்கில் உங்கள் ஊர்கள்மேல் கொட்டின. அட்டெண்டர் பொறுக்கியெடுத்த தாள் வானத்திலிருந்து திரும்பி வந்ததை உங்களில் யார் எடுத்துப் படித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

இனி கோரிக்கை. இது உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்.

வீட்டில் பழைய பெட்டி இருக்கும். தாத்தா மியூனிக்கில் மருத்துவம் படித்தபோது ஊருக்கு எழுதிய கடிதங்கள் இருக்கும், பாட்டியின் நாட்குறிப்பு இருக்கும். 1943 சனவரி 13 முதல் பிப்ரவரி 22 வரை உள்ள பக்கங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆண்டு விழாவில் எழுந்து போனதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறார்களா? அந்தத் திங்கட்கிழமை மாலையைப் பற்றி ஏதாவது? அந்தப் பக்கத்தில் வெறும் குளிர், ரொட்டி, தேர்வு மட்டும் இருந்தாலும் அதுவும் ஒரு சாட்சியம்தான். தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் கொடுங்கள். குடும்பப் பெயர் வெளியே வரக்கூடாது என்றால் பெயரை மறைத்துக் கொடுங்கள். வெள்ளை ரோஜாவின் கடிதங்களும் விசாரணைப் பதிவுகளும் அச்சில் வந்துவிட்டன. எதிர்ப்பக்க இருக்கைகளில் உட்கார்ந்திருந்தவர்களின் தாள்களுக்காகத்தான் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வரலாறு படிக்கும் ஒரு தமிழ் வாசகன்